நெஞ்சு எக்ஸ்ரேயில் மீசோதீலியோமா: ஒரு பக்கம் வெளுத்த படத்தைப் பார்க்கும் முறை

பாளையங்கோட்டையில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர், ஆலங்குளம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சின்ன கிளினிக்குகளிலும் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது "நெஞ்சுல நீர் கோத்திருக்கு" என்று சொல்லி எக்ஸ்ரே கவரைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் நீங்களும் படிக்கலாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதாவது பிடிபடும்.

நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டிபியைத்தான் நினைப்பார்கள். அது நியாயம்தான். அதுவும் இருபது, முப்பது வயதுக்காரர் காய்ச்சலோடு வந்தால் பெரும்பாலும் டிபியாகத்தான் இருக்கும். நான் இங்கே சொல்ல வருவது வேறு ஒருவரைப் பற்றி. வயது அறுபது தாண்டியவர். ஒரு பக்கம் மட்டும் நீர். ஊசி போட்டு எடுத்தால் சில வாரத்தில் திரும்பவும் சேர்கிறது. டிபி மாத்திரை ஆறு மாதம் முடித்தும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. விலாவில் ஒரு மந்தமான வலி, நாளுக்கு நாள் கூடுகிறது. இவருடைய எக்ஸ்ரேயை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்று ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதில் வரும் கேன்சர்தான் மீசோதீலியோமா. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) தூசியால் வருவது. தூசி உள்ளே போன காலத்துக்கும் நோய் தலைகாட்டும் காலத்துக்கும் இடையில் இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஓடிவிடும். 1985-இல் கொதிகலன் குழாய்க்குக் கல்நார்க் கயிறு சுற்றிய பையன் இன்று பேரன் எடுத்துவிட்ட பெரியவர். அந்த வேலையே அவருக்கு மறந்து போயிருக்கும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரேயை மட்டும் வைத்து "இது மீசோதீலியோமா" என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு சதைத் துண்டு எடுத்து பயாப்ஸி பார்த்தாக வேண்டும். எக்ஸ்ரேயின் வேலை சந்தேகத்தைக் கிளப்புவது. ஆனால் அந்தச் சந்தேகம் வந்தால்தான் நோயாளி அடுத்த இடத்துக்குப் போவார். வராவிட்டால் மாதக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாகவே காலம் போய்விடும்.

படம் நம்பத் தகுந்ததா?

நின்றுகொண்டு, நெஞ்சை ப்ளேட்டோடு ஒட்டி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்து எடுத்த படம் வேண்டும். படுத்த நிலையில் எடுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவிவிடும். ஓரத்தில் மட்டம் தெரியாது, அந்தப் பக்கம் முழுவதும் லேசாக மங்கலாக மட்டும் தெரியும். நிற்க முடியாத நோயாளி என்றால் உட்கார வைத்தாவது எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளையும் பாருங்கள். நடுவில் இருக்கும் முதுகெலும்பு முள்ளிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று கிட்டவும் ஒன்று எட்டவும் இருந்தால் நோயாளி திரும்பி நின்றிருக்கிறார். திரும்பிய படத்தில் இதயமும் மூச்சுக்குழாயும் ஒரு பக்கம் ஒதுங்கின மாதிரி பொய்த் தோற்றம் காட்டும். இந்த நோயைத் தேடும்போது நமக்கு முக்கியமான தடயமே அந்த ஒதுக்கம் இருக்கிறதா இல்லையா என்பதுதான். அதனால் சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் மறுபடி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

இப்போது பாதிப் படங்கள் வாட்ஸப்பில்தான் வருகின்றன. டியூப் லைட்டுக்கு நேரே ஃபிலிமைப் பிடித்து எடுத்த போட்டோவில் லைட் விழுந்த இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும், ஓரமெல்லாம் இருட்டு. மீசோதீலியோமாவின் அடையாளங்கள் இருப்பதே ஓரத்தில்தான். பகலில், வெயில் நேராகப் படாத ஜன்னல் கண்ணாடியில் ஃபிலிமை ஒட்டி வைத்து, நாலு மூலையும் தெரிகிற மாதிரி எடுங்கள். L அல்லது R என்று போட்டிருக்கும் எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடி எழுத்தாகத் தெரிந்தால் ஃபிலிம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது, இடம் வலமாகிவிடும்.

இதயம் எந்தப் பக்கம் போயிருக்கிறது?

எல்லோரும் முதலில் வெள்ளையைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் மூச்சுக்குழாயையும் இதயத்தையும் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சின் ஒரு பக்கத்தில் நிறைய நீர் சேர்ந்தால் அந்த நீர் இடத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையும் மூச்சுக்குழாயையும் எதிர்ப்பக்கம் தள்ளும். வலப்பக்கம் முழுக்க வெள்ளை என்றால் இதயம் இடது ஓரத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். அப்படி நகர்ந்திருந்தால் அது நீரின் இயல்பான நடத்தை. டிபியாக இருக்கலாம், வேறு ஏதாவது ஒரு கேன்சர் பரவியதாகவும் இருக்கலாம்.

அவ்வளவு வெள்ளை இருந்தும் இதயம் அசையாமல் நடுவிலேயே நிற்கிறது, அல்லது வெள்ளைப் பக்கமாகவே இழுபட்டிருக்கிறது என்றால் அங்கே நின்றுவிடுங்கள். அதற்கு முக்கியமாக இரண்டு காரணங்களை யோசிக்க வேண்டும். ஒன்று, பெரிய காற்றுக்குழாயைக் கட்டி அடைத்து நுரையீரல் சுருங்கிப் போயிருப்பது. அது நுரையீரல் கேன்சரில் வரும். இன்னொன்று, ப்ளூரா முழுக்கத் தடித்து, நுரையீரலைக் கவ்விப் பிடித்து, மீடியாஸ்டைனத்தை (இதயமும் மூச்சுக்குழாயும் இருக்கும் நெஞ்சின் நடுப்பகுதியை) நகரவிடாமல் இறுக்கி வைத்திருப்பது. மீசோதீலியோமா செய்வது இதைத்தான். இரண்டில் எது என்றாலும் அந்த நோயாளியை ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நுரையீரல் சுருங்குவதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. அந்தப் பக்கத்து விலா எலும்புகளை எண்ணிப் பாருங்கள். இடைவெளி குறைந்து நெருங்கி இருக்கும். உதரவிதானம் மேலே ஏறியிருக்கும். வலப்பக்க உதரவிதானம் இயல்பாகவே கொஞ்சம் உயரம்தான் என்பதால் வலப்பக்கத்தில் ஏமாந்து போகலாம். இடப்பக்கத்தில் நீர் உதரவிதானத்தை மறைத்தாலும் இரைப்பையின் காற்றுக் குமிழ் காட்டிக்கொடுக்கும். குமிழ் மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஓரம் வழவழப்பா, மேடு பள்ளமா?

சாதாரண நீரின் மேல் ஓரம் ஒரே வளைவாக, வழவழப்பாக, அக்குள் பக்கம் ஏறிப் போகும். மீசோதீலியோமாவில் நெஞ்சுச் சுவரை ஒட்டி வெள்ளை ஒரு பட்டையாக ஏறும். அதன் உள் ஓரம், கரையான் மண் ஏறிய சுவர் மாதிரி, ஓரிடத்தில் புடைத்தும் ஓரிடத்தில் அடங்கியும் இருக்கும். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் படம் இன்னும் கண்ணில் இருக்கிறது. வலது நுரையீரலின் அடியில் நீர். சிபி ஆங்கிள், அதாவது விலாச் சுவரும் உதரவிதானமும் சேரும் கீழ் மூலை, காணோம். அது வரைக்கும் யாரும் பார்ப்பார்கள். விரலை வைத்து வெளி ஓரத்தோடு மேலே ஏறிக்கொண்டே போனால், நீர் முடிந்த இடத்துக்கு மேலேயும் வெள்ளைப் பட்டை முடியவில்லை. முடிச்சு முடிச்சாக உச்சி வரைக்கும் போய், அங்கே வளைந்து, உள்பக்கம் மீடியாஸ்டைனத்தை ஒட்டி இறங்கியது. நுரையீரல் நடுவில் சிறுத்துக் கிடந்தது. இதயம் ஒரு விரற்கடைகூட இடப்பக்கம் போகவில்லை.

நீரின் மட்டத்தோடு பார்வையை நிறுத்திவிடாமல் விரலை ஒரு முழுச் சுற்று கொண்டுபோய்ப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மீடியாஸ்டைனம் பக்கத்து ப்ளூராவும் தடித்திருந்தால், தடிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், உள் ஓரம் முடிச்சு முடிச்சாக இருந்தால், நுரையீரலைச் சுற்றி வளைத்திருந்தால், இது கெட்ட வகைத் தடிப்பு என்ற எண்ணம் வலுப்பட வேண்டும். சிடி ஸ்கேனில் பார்க்கும் அளவுகோல்கள்தான் இவை. ஆனால் முற்றிய நோயில் எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். நுரையீரல் மடல்களுக்கு இடையில் இருக்கும் ஃபிஷர் தடித்து, கோடாக இல்லாமல் பட்டையாகத் தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

பழைய டிபி விட்டுப் போகும் தடிப்பும் நம் பக்கத்தில் நிறைய. அதிலும் ஒரு பக்கம் சுருங்கும், இதயம் இழுபடும். ஆனால் அது பெரும்பாலும் வழவழப்பாக, பல வருஷமாக மாறாமல் இருக்கும். அடிக்கடி சுண்ணாம்புப் படிவு தகடு போலப் படர்ந்திருக்கும். மீடியாஸ்டைனம் பக்கத்தை அவ்வளவாகத் தொடாது. புதிதாக வலி வந்து, தடிப்பும் வளர்ந்தால் "பழைய டிபிதான்" என்று எழுதி மூடாதீர்கள். பருமனான உடம்புக்காரர்களுக்கு விலாவின் உள்பக்கம் கொழுப்பு சேர்ந்தும் இப்படி ஒரு பட்டை தெரியும். அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

விலா எலும்புகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிடுங்கள். அரித்த இடம் இருந்தால் நோய் சுவரைத் தாண்டிவிட்டது. இதயத்தின் நிழல் திடீரென்று பெரிதாகி இருந்தால் இதய உறையிலும் நீர் இருக்கலாம். எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.

நல்ல பக்கத்தையும் பாருங்கள்

நோய் இல்லாத பக்கத்தில்தான் பல நேரம் உண்மை இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டவர்களுக்கு ப்ளூராவில் பிளேக் என்ற தட்டையான தழும்புத் திட்டுகள் வரும், அதிகமும் இரண்டு பக்கத்திலும். நெஞ்சின் பக்கச் சுவரில் ஆறிலிருந்து ஒன்பதாவது விலா வரைக்கும், உதரவிதானத்தின் மேடான நடுப்பகுதியிலும் தேடுங்கள். உச்சியையும் சிபி ஆங்கிளையும் பெரும்பாலும் விட்டுவிடும். சுண்ணாம்பு படிந்திருந்தால் உதரவிதானத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். படியாவிட்டால் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம்.

பிளேக் கேன்சர் இல்லை, கேன்சராக மாறுவதும் இல்லை. அதைப் பார்த்து நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள். "இவர் எப்போதோ ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்திருக்கிறார்" என்பதற்கு உடம்பே எழுதி வைத்த குறிப்பு அது. அதே ஆளுக்கு எதிர்ப்பக்கத்தில் திரும்பத் திரும்ப நீர் என்றால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பிளேக் இல்லை என்பதால் மீசோதீலியோமா இல்லை என்றும் ஆகிவிடாது.

என்ன வேலை பார்த்தீர்கள்?

எக்ஸ்ரேயைப் படிப்பதில் பாதி இந்தக் கேள்வி. "என்ன தொழில்?" என்று கேட்டால் "விவசாயம்" என்று பதில் வரும். சீட்டில் அதை எழுதி முடித்துவிடுவோம். கேட்கிற விதம் வேறு.

"அண்ணாச்சி, கல்யாணத்துக்கு முன்னால எங்க இருந்தீங்க?"

"பம்பாயில, தாராவியில இருந்தோம்லா. எங்க ஊர்க்காரங்க பூராவும் அங்கனதான்."

"அங்க என்ன வேலை?"

"கப்பல் உடைக்கிற எடத்துல. குழாயில சுத்திருக்கிற வெள்ளைப் பஞ்சைப் பிச்சி எடுத்துப் போடணும். ஒரு மூணு வருஷம் பாத்திருப்பேன். பொறவு ஊருக்கு வந்துட்டேன்."

அந்த வெள்ளைப் பஞ்சு போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கும், வளைகுடாவுக்கும், துறைமுகங்களுக்கும் போகாத குடும்பம் குறைவு. அனல் மின் நிலையத்தில் இன்சுலேஷன் வேலை, மில்லில் பாய்லர் வேலை, கப்பல் எஞ்சின் அறை, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்டும் பைப்பும் செய்யும் கம்பெனி, ஷீட்டை ரம்பத்தால் அறுத்துக் கூரை போடும் வேலை, வண்டி பிரேக் ஷூ தேய்க்கும் பட்டறை என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். பேர் சொல்லிக் கேட்டால்தான் நினைவு வரும்.

பெண்களிடமும் கேளுங்கள். ஆச்சி எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்திருக்க மாட்டார். ஆனால் தாத்தாவின் வேலைச் சட்டையைத் தினமும் உதறித் துவைத்தது யார்? அந்தத் தூசியும் போதும். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடன் இருந்தவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே, அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் வேலையே பார்க்காதவர்கள், சுரங்கம் இருந்த ஊர்களில் வாழ்ந்தவர்கள் என்பது தெரிந்துவிட்டது.

"பீடி, சிகரெட் தொட்டதே இல்லை" என்று சொல்வதைக் கேட்டுக் கேன்சர் எண்ணத்தைக் கைவிடாதீர்கள். புகையால் வருவது நுரையீரல் கேன்சர். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமில்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். உடையாமல், அறுக்காமல், துளை போடாமல் இருக்கும் ஷீட்டிலிருந்து தூசி பெரிதாகக் கிளம்பாது. பிரிக்கும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்குங்கள்.

பழைய படங்கள்

எக்ஸ்ரே ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். பீரோவுக்கு அடியில், டிரங்குப் பெட்டியில் கிடப்பதையெல்லாம் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வாருங்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் விசா மெடிக்கலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். அந்தப் படம் கிடைத்தால் தங்கம். தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தால், எப்போது சிபி ஆங்கிள் மழுங்கியது, எப்போது ஓரம் தடிக்க ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும்.

நேராக எடுத்த படத்தில் சிபி ஆங்கிள் மழுங்க ஏறத்தாழ 200 மில்லி நீராவது வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும்போதே பின்பக்கம் தெரிந்துவிடும். அல்ட்ராசவுண்ட் இரண்டையும்விட நல்லது. படம் நார்மல், ஆனால் வலியும் மூச்சிரைப்பும் வேலை வரலாறும் இருக்கிறது என்றால் எக்ஸ்ரேயோடு நிறுத்தாதீர்கள்.

நீர் எடுத்த பிறகு

நீர் எடுத்ததும் இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. திரை விலகினால்தான் பின்னால் இருப்பது தெரியும். நுரையீரல் விரிந்து சுவரைத் தொடுகிறதா? விரியாமல் சுருண்டே கிடந்தால், நீர் இருந்த இடத்தில் காற்று தெரிந்தால், ஏதோ ஒன்று அதைக் கவ்வியிருக்கிறது. முடிச்சுகளும் இப்போதுதான் வெளியே தெரியும். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் அதற்கு முன்பே நிறுத்துங்கள்.

நீரை டிபிக்கும் அனுப்புங்கள், செல் பார்க்கவும் அனுப்புங்கள். "கேன்சர் செல் இல்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மீசோதீலியோமாவில் நீரில் செல் அகப்படாமல் போவது சகஜம். டிபி என்று நினைக்க வைக்கும் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) நிறைய, ஏடிஏ என்ற நொதி கொஞ்சம் கூடுதல் என்பதும் இந்த நோயில் வரலாம். கிருமி எதுவும் அகப்படாமல், வயதும் படமும் வேலை வரலாறும் டிபிக்குப் பொருந்தாமல் இருக்கும்போது, டிபி மருந்தை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரியில்லை. திரும்பத் திரும்பப் பல இடத்தில் குத்துவதையும் தவிருங்கள். ஊசி போன வழியிலேயே கட்டி வளரும் பழக்கம் இந்த நோய்க்கு உண்டு. நீரை முழுக்க வற்றவும் விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் நீர் இருந்தால் தோரகோஸ்கோபி (நெஞ்சுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்பவருக்குக் குழாயை உள்ளே விட வசதியாக இருக்கும். அந்தக் குழாயில் கண்ணால் பார்த்து எடுக்கும் பயாப்ஸிதான் இந்த நோய்க்கு நம்பகமானது.

அனுப்பும் கடிதம்

ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கோ வேறு எங்குமோ அனுப்பும்போது "ப்ளூரல் எஃப்யூஷன், மேல்சிகிச்சைக்கு" என்று ஒரு வரி எழுதி அனுப்பினால், அங்கே வரிசையில் நிற்கும் மற்ற நீர் நோயாளிகளோடு இவரும் ஒருவராகிவிடுவார். நான் எழுதச் சொல்வது இப்படி: "68 வயது ஆண். வலப்பக்கம் திரும்பத் திரும்ப நீர். மீடியாஸ்டைனம் நகரவில்லை. வலப்பக்க நுரையீரல் சுருக்கம். ப்ளூரா முடிச்சு முடிச்சாகத் தடிப்பு, மீடியாஸ்டைனம் பக்கமும் உண்டு. இடது உதரவிதானத்தில் சுண்ணாம்பு பிளேக். 1983 வாக்கில் கப்பல் உடைக்கும் இடத்தில் இன்சுலேஷன் பிரித்த வேலை. மீசோதீலியோமா சந்தேகம். கான்ட்ராஸ்ட் சிடியும் ப்ளூரா பயாப்ஸியும் வேண்டுகிறேன்." இதை வாங்கிப் படிப்பவர் நோயாளியைச் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார்.

குடும்பத்துக்கு இரண்டு வார்த்தை. இது கடுமையான நோய், பூரண குணம் அரிது. ஆனாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீமோதெரபி இருக்கிறது, இம்யூனோதெரபி இருக்கிறது. நீர் திரும்பச் சேராமல் டால்க் பவுடர் போட்டு ஒட்டவைக்கலாம். இல்லாவிட்டால் சின்னக் குழாய் ஒன்றை வைத்து வீட்டிலேயே வடிக்கலாம். வலிக்கு நல்ல மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். ராத்திரி நிமிர்ந்து உட்காராமல் படுத்துத் தூங்க முடிவதே அந்த வீட்டுக்குப் பெரிய காரியம்.

காகிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை கம்பெனி பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பிஎஃப் தாள், கூட வேலை பார்த்தவரின் பேரும் ஊரும், பயாப்ஸி ரிப்போர்ட், முதல் எக்ஸ்ரேயிலிருந்து கடைசி வரைக்கும் எல்லாப் படமும் ஒரே கவரில் இருக்கட்டும். எங்கே கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள்.